தெருக்கள் போனபின் ஒரு கிளப்: ஹன்ஸ்லெட்டின் எழுச்சியும் சரிவும்

1965 மே 1, சனிக்கிழமை. லண்டன் வெம்பிளி மைதானத்தில் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து இறுதியாட்டம். கூடுதல் நேரம் வரை தாக்குப்பிடித்த லீட்ஸ் யுனைடெட், கடைசியில் லிவர்பூலிடம் 1–2 என்று தோற்றது. அடுத்த சனிக்கிழமை, மே 8, அதே புல்தரையில் ரக்பி லீக்கின் சேலஞ்ச் கோப்பை இறுதியாட்டம். 89,016 பேர் பார்த்திருக்க, விகன் அணியிடம் 16–20 என்று தோற்றது ஹன்ஸ்லெட். இரண்டுமே லீட்ஸ் நகரின் தென்பகுதிக் கிளப்புகள். ஒன்றின் மைதானத்திலிருந்து மற்றதற்கு நடந்தே போய்விடலாம். ஒரே வாரத்துக்குள் அந்தத் தென்பகுதி இரண்டு முறை வெம்பிளிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியது.

அதற்குப் பிறகு இரண்டும் ஒரே பாதையில் நடக்கவில்லை. லீட்ஸ் யுனைடெட் 1969-இலும் 1974-இலும் இங்கிலாந்தின் லீக் சாம்பியன் ஆனது. அந்த இரண்டு பட்டங்களுக்கும் இடையில், 1973-இல், ஹன்ஸ்லெட்டின் மைதானம் விற்கப்பட்டது, கிளப்பே கலைக்கப்பட்டது. வெம்பிளியில் ஆடி எட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

எட்டு ஆண்டுகளில் ஒரு கிளப் எப்படி இல்லாமல் போகும்? நல்ல ஆட்டக்காரர்கள் வெளியேறினார்கள், நிர்வாகம் சோர்ந்தது, சனிக்கிழமை மதியத்தைத் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது என்று காரணங்கள் அடுக்கப்படுவதுண்டு. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இதே காரணங்கள் வேறு பல கிளப்புகளையும் தாக்கின. அவை தள்ளாடினாலும் நின்றன. ஹன்ஸ்லெட்டுக்கு மட்டும் நேர்ந்த ஒன்று உண்டு: அந்தக் கிளப்பைப் பெற்று வளர்த்த தெருக்களே இடிக்கப்பட்டன. ஆட்டத்தின் வரலாற்றை ஆட்டக்களத்துக்குள் மட்டும் தேடினால் இது கண்ணில் படாது.

முதலில் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கையில் கண்டியிலும் கொழும்பிலும் பள்ளிக்கூடங்கள் ஆடுவது ரக்பி யூனியன். அணிக்கு 15 பேர். வடஇங்கிலாந்தின் சுரங்க ஊர்களும் ஆலை ஊர்களும் ஆடுவது ரக்பி லீக். அணிக்கு 13 பேர். இரண்டும் ஒருகாலத்தில் ஒன்றாக இருந்தவை. பிரித்தது பணம், அதுவும் மிகச் சிறிய பணம். அந்நாளில் தொழிலாளிக்குச் சனிக்கிழமையும் வேலைநாள். ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். இழந்த கூலியைக் கிளப் ஈடுகட்டலாமா என்பதுதான் கேள்வி. கூடாது, ஆட்டத்தைக் காசுக்காக ஆடுவது இழிவு என்றார்கள் லண்டனில் இருந்த பெரியவர்கள். அவர்களில் யாருக்கும் கூலி இழக்கும் கவலை இருந்ததில்லை. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்குக் கிளப்புகள் தனியே பிரிந்து நார்தர்ன் யூனியன் என்ற அமைப்பைத் தொடங்கின. ஒரு நாளுக்கு ஆறு ஷில்லிங் வரை கூலி ஈடு தரலாம் என்பது அதன் விதி. அப்படிப் பிரிந்த கிளப்புகளில் ஹன்ஸ்லெட்டும் ஒன்று.

ஹன்ஸ்லெட் இல்லாமல் அந்தக் கூட்டம் நடந்திருந்தால்தான் வியப்பு. ஏர் ஆற்றுக்குத் தெற்கே இருந்த அந்தப் பகுதி முழுக்க முழுக்கத் தொழிலாளர் பூமி. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டமியற்றி அனுமதித்த முதல் ரயில்பாதையான மிடில்டன் ரயில்வே, 1758-இல், இந்தப் பக்கத்து நிலக்கரியைச் சுமக்கத்தான் பிறந்தது. அதன்பின் ரயில் எஞ்சின் கட்டும் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக இங்கே முளைத்தன: கிட்சன், மானிங் வார்டில், ஹட்ஸ்வெல் கிளார்க், ஹன்ஸ்லெட் எஞ்சின் கம்பெனி. நீராவி உழவுக் கலப்பை செய்த ஜான் ஃபவுலர் ஆலையும் இங்கேதான். சென்னைவாசிகளுக்கு இதில் ஒரு தூரத்து உறவு இருக்கிறது. பெரம்பூர் லோகோ பணிமனையில் புதுப்பிக்கப்பட்டு, 2010 சுதந்திர தினத்தன்று சென்னையில் மறுபடி புகை கக்கி ஓடிய இ.ஐ.ஆர். 21 என்ற பழைய நீராவி எஞ்சின், 1855-இல் கிட்சன் நிறுவனம் லீட்ஸில் கட்டியது. எழும்பூருக்கும் கோடம்பாக்கத்துக்கும் இடையே அதில் பயணம் செய்தவர்கள், ஹன்ஸ்லெட்காரர்களின் பாட்டன்மார் கைவேலையின் பின்னால்தான் உட்கார்ந்து போனார்கள்.

அந்த ஆலைகளைச் சுற்றி வீடுகள். லீட்ஸில் மிகப் பரவலாக இருந்த ஒரு வகை வீடு அது: முன்வாசல் மட்டும்தான், பின்வாசல் கிடையாது, பின்சுவரை அடுத்த தெருவின் வீட்டோடு பகிர்ந்துகொண்டு முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். காற்று குறுக்கே ஓட வழியில்லை. கழிப்பறை தெருவில், பல வீட்டுக்கும் பொதுவாக. 1909-இலேயே இவ்வகை வீடுகளைச் சட்டம் தடை செய்தும், ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற திட்டங்களைக் காட்டி லீட்ஸ் நகரம் 1937 வரை அவற்றைக் கட்டிக்கொண்டே இருந்தது. நகரம் முழுவதும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இப்படி. தொழிலாளர் வாழ்க்கையைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற அறிஞர் ரிச்சர்ட் ஹோகார்ட் இங்கே வளர்ந்தவர். நடிகர் பீட்டர் ஓ'டூலும் அப்படியே.

இந்த நெருக்கத்திலிருந்துதான் கிளப் எழுந்தது. 1883-இல் இரண்டு சிறு அணிகள் இணைந்து ஹன்ஸ்லெட் ஆயின. 1888-இல் பார்க்ஸைடு என்ற மைதானத்துக்குக் குடிபெயர்ந்தன. அதே ஆண்டு பதினாறு வயதுப் பையன் ஒருவன் அணியில் சேர்ந்தான். பெயர் ஆல்பர்ட் கோல்ட்தார்ப். உள்ளூர்க் குடும்பம், அண்ணன் தம்பிகள் ஐந்து பேரும் ஹன்ஸ்லெட்டுக்கு ஆடியவர்கள்.

நான்கு கோப்பைகள்

1906-இல் நார்தர்ன் யூனியன் ஒரு பெரிய மாற்றம் செய்தது. பதினைந்து பேர் பதின்மூன்று பேர் ஆனார்கள். குறைக்கப்பட்ட இருவரும் ஃபார்வர்டுகள், அதாவது முன்னால் நின்று முட்டி மோதி பந்தைப் பிடுங்குகிறவர்கள். எட்டு ஃபார்வர்டுகள் செய்த வேலையை இனி ஆறு பேர் செய்ய வேண்டும். ஆட்டம் வேகமானது, ஓடவும் மோதவும் ஒருசேர வல்லவர்களுக்குக் காலம் பிறந்தது. அப்படிப்பட்ட ஆறு பேர் அந்த நேரத்தில் ஹன்ஸ்லெட்டிடம் இருந்தார்கள்: டாம் வால்ஷ், ஹாரி வில்சன், ஜாக் ராண்டல், பில் புரூக்ஸ், பில் ஜூக்ஸ், ஜான் வில்லி ஹிக்சன். எதிரணிகள் இவர்களுக்கு வைத்த பெயர் ‘பயங்கர ஆறு பேர்’. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் ஹன்ஸ்லெட்டில் அந்தப் பெயர் புழக்கத்தில் இருக்கிறது.

இவர்களுக்குப் பின்னால் கேப்டன் கோல்ட்தார்ப். வயது 36, கால்களில் பழைய வேகம் இல்லை. ஆனால் அவர் கால் பந்தைத் தொட்டால் கம்பங்களுக்கு நடுவே போகும். அன்றைய புள்ளிக் கணக்கில் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தை வைக்கும் ‘டிரை’க்கு மூன்று புள்ளி, ஓடுகிற ஆட்டத்தில் பந்தைத் தரையில் குதிக்கவிட்டு உதைக்கும் ‘டிராப் கோல்’ ஒன்றுக்கு இரண்டு புள்ளி. ஆறு பேர் மோதி எதிரணியைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், பந்து கேப்டன் கைக்கு வர வேண்டும், அவர் உதைக்க வேண்டும். இந்த எளிய ஏற்பாட்டுக்கு மாற்று மருந்து யாரிடமும் இல்லை. 1907–08 பருவத்தில் கோல்ட்தார்ப் அடித்த கோல்கள் 101. ஒரே பருவத்தில் நூறு கோலைத் தொட்ட முதல் ஆட்டக்காரர் அவர்தான்.

அந்தப் பருவத்தில் வெல்லக் கிடைத்த கோப்பைகள் நான்கு. டிசம்பரில் யார்க்‌ஷர் கோப்பை இறுதியில் ஹாலிஃபாக்ஸை 17–0 என்று வீழ்த்தினார்கள். யார்க்‌ஷர் லீக் பட்டமும் வந்தது. ஏப்ரல் கடைசியில், ஹடர்ஸ்ஃபீல்டில், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மதியத்தில் ஹல் அணியை 14–0 என்று வென்று சேலஞ்ச் கோப்பையை எடுத்தார்கள். மிச்சம் இருந்தது சாம்பியன் பட்டம். ஓல்டமுக்கு எதிரான இறுதியாட்டம் 7–7 என்று சமனில் முடிந்தது. வேக்ஃபீல்டில் மறுபடி ஆடி 12–2 என்று வென்றார்கள். நான்கு கோப்பையையும் ஒரே பருவத்தில் வென்ற முதல் கிளப் ஹன்ஸ்லெட். பிறகு ஹடர்ஸ்ஃபீல்டும் (1914–15) ஸ்விண்டனும் (1927–28) மட்டுமே அதைச் செய்தன. வேறு எவரும் செய்யவில்லை.

அந்தச் சாதனையின் அளவைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் ஏர் ஆற்றின் வடகரையைப் பார்க்க வேண்டும். அங்கே, ஹெடிங்லியில், லீட்ஸ் ரக்பி கிளப். ஒரு பக்கம் டெஸ்ட் கிரிக்கெட் மைதானம், மறுபக்கம் ரக்பி மைதானம், நகரம் முழுவதும் அதற்கு ஆதரவாளர்கள், வசதியான புரவலர்கள். ஹன்ஸ்லெட்டுக்கு இருந்தது ஒரு வட்டாரம் மட்டும். வாசலில் வசூலாகும் டிக்கெட் பணம்தான் கஜானா. அதனால் அந்தக் கிளப் ஒரு பழக்கத்துக்கு ஆளானது: தெருவில் ஆட்டக்காரனைக் கண்டெடுத்து வளர்ப்பது, அவன் பெயர் வாங்கியதும் பணக்காரக் கிளப்புக்கு விற்று ஆண்டை ஓட்டுவது. 1907–08 அணியின் இளைஞர் பில்லி பேட்டன் பிடிக்க வருபவர்களின் தலைக்கு மேலே தாவி ஓடியவர் என்று பேசப்பட்டவர். 1913-இல் அவரை ஹல் கிளப் 600 பவுண்டுக்கு வாங்கியது. அந்நாளில் அது சாதனைத் தொகை. ஒரு தெரு தொடர்ந்து பிள்ளைகளைத் தந்துகொண்டிருக்கும் வரை இந்த வழியில் பிழைக்கலாம். தெருவே போய்விட்டால் என்ன செய்வது என்று 1913-இல் யாரும் யோசித்திருக்க முடியாது.

இடைக்காலத்தை வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1934-இல் வெம்பிளியில் விட்னஸை 11–5 என்று வென்று சேலஞ்ச் கோப்பை இரண்டாம் முறை வந்தது. நிற்க வேண்டிய இடம் 1938 ஏப்ரல் 30. அன்று சாம்பியன் பட்டத்துக்கான இறுதியாட்டத்தில் மோதியவை ஹன்ஸ்லெட்டும் லீட்ஸும். ஒரே நகரத்தின் இரு கரைகள். ஆட்டம் நடந்தது லீட்ஸ் யுனைடெட்டின் எல்லண்ட் ரோடு கால்பந்து மைதானத்தில். வந்தவர்கள் 54,112 பேர். ஹன்ஸ்லெட் 8–2 என்று வென்றது. ஒரு வட்டாரம் தன் நகரத்தையே வென்ற நாள் அது. அதற்குப் பிறகு அந்தப் பட்டம் ஹன்ஸ்லெட்டுக்குத் திரும்பவில்லை.

இடிக்கப்பட்ட வட்டாரம்

போருக்குப் பின் லீட்ஸ் மாநகராட்சி பழைய வீடுகளை இடிக்கும் வேலையைப் பெரிய அளவில் கையில் எடுத்தது. 1950-களிலும் 60-களிலும் ஹன்ஸ்லெட்டின் தெருக்கள் வரிசை வரிசையாக மறைந்தன. இதைச் சொல்லும்போது நேர்மையாக இருக்க வேண்டும்: அந்த வீடுகளைக் காப்பாற்றியிருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஈரச் சுவர், தெருக் கழிப்பறை, மூச்சுமுட்டும் அறைகள். அவற்றிலிருந்து வெளியேறிப் புது வீட்டில் குழாய்த் தண்ணீரும் குளியலறையும் கண்ட பெண்களிடம் போய்ப் பழைய தெருவின் அழகைப் பேசுவது அநியாயம். கேள்வி, வீடுகளை இடித்தது சரியா என்பது அன்று. தெருவில் இருந்தவர்களைச் சேர்த்துக் குடியமர்த்தாமல், ஒரு குடும்பத்தை நகரின் ஒரு கோடிக்கும் பக்கத்து வீட்டை இன்னொரு கோடிக்கும் அனுப்பியதுதான் கேள்வி. சிலர் தெற்கே பெல் ஐலுக்கும் மிடில்டனுக்கும் போனார்கள். சிலர் ஆற்றைத் தாண்டி வடகிழக்கே சீக்ராஃப்டுக்குப் போனார்கள்.

கிளப்பின் கோணத்திலிருந்து பாருங்கள். சனிக்கிழமை மதியம் ஆலைச் சங்கு ஊதியதும், சாப்பிட்டுவிட்டு, அண்ணனும் தம்பியும் பக்கத்து வீட்டுக்காரருமாகப் பத்து நிமிடம் நடந்து பார்க்ஸைடு போவார்கள். யாரும் தனியே முடிவெடுத்துப் போனதில்லை. தெரு போனது, அதனோடு அவர்களும் போனார்கள். சீக்ராஃப்டில் குடியேறியவர் இப்போது இரண்டு பஸ் மாற வேண்டும். கூட வர ஆளில்லை. பையன் புதுப் பள்ளியில் புது நண்பர்களோடு கால்பந்து ஆடுகிறான். முதல் ஆண்டு மாதம் ஒருமுறை வருவார். இரண்டாம் ஆண்டு பெரிய ஆட்டத்துக்கு மட்டும். மூன்றாம் ஆண்டு செய்தித்தாளில் முடிவைப் பார்ப்பார். ஒரு ஆதரவாளர் கிளப்பை வெறுத்துப் போவதில்லை. இப்படித்தான் தேய்ந்து போகிறார்.

காலியான நிலத்தில் வந்தது என்ன? ஒரு பக்கம் விரைவுச்சாலை. 1960-களின் கடைசியில் எம்1 சாலை லீட்ஸை எட்டியது. 70-களின் தொடக்கத்தில் அதன் கிளைச்சாலை ஹன்ஸ்லெட்டின் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. ‘எழுபதுகளின் விரைவுச்சாலை நகரம்’ என்று லீட்ஸ் அப்போது தன்னைப் பெருமையாக விளம்பரப்படுத்திக்கொண்டது. இன்னொரு பக்கம், பழைய வீடுகளுக்குப் பதிலாக ஹன்ஸ்லெட் கிரேஞ்ச் என்ற கான்கிரீட் அடுக்குமாடித் தொகுதி. சுவரில் ஈரம் பூத்தது. சூடேற்றும் செலவைக் குடியிருப்பவர்களால் தாங்க முடியவில்லை. 1983-இல் அதையும் இடித்தார்கள். நூறு ஆண்டுகள் நின்ற வீடுகளை இடித்துவிட்டுக் கட்டியது, இருபது ஆண்டுகள்கூட நிற்கவில்லை. எஞ்சின் ஆலைகளில் சில போருக்கு முன்பே மூடப்பட்டிருந்தன; மிச்சம் இருந்தவையும் பின்னர் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

இந்தப் பின்னணியை வைத்துத்தான் 1965 இறுதியாட்டத்தைப் பார்க்க வேண்டும். அது ஒரு எழுச்சியின் தொடக்கமாக அன்று தெரிந்திருக்கலாம். உண்மையில் அது பழைய தெருக்கள் தந்த கடைசி அறுவடை. கேப்டன் ஃப்ரெட் வார்டு. ஃபார்வர்டுகளில் ஜெஃப் கன்னி, ஹன்ஸ்லெட்டைத் தவிர வேறு கிளப்புக்கு ஆடாமலே 1951 முதல் 1973 வரை நின்றவர், 1954-இல் பிரிட்டன் அணியோடு ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணம் போய் வந்தவர். அன்றைய ஆட்டம் வெம்பிளி கண்ட மிகச் சிறந்த இறுதியாட்டங்களில் ஒன்று என்று ரக்பி லீக் உலகம் இன்றும் பேசுகிறது. பில்லி லாங்டன் ஐந்து கோல் உதைத்தார். ஜெஃப் ஷெல்டனும் ஜான் கிரிஃபித்ஸும் ஆளுக்கொரு டிரை. ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான லான்ஸ் டாட் கோப்பையை அந்த ஆண்டு முதன்முறையாக இருவருக்குப் பகிர்ந்தளிக்க வேண்டியதாயிற்று: விகனின் ரே ஆஷ்பி, ஹன்ஸ்லெட்டின் பிரையன் காபிடாஸ். நான்கு புள்ளிகளில் தோற்ற அணி, வென்ற அணிக்குச் சமமாக மதிக்கப்பட்ட நாள்.

ஆனால் அதே பருவத்தில் எல்லண்ட் ரோட்டில் டான் ரெவி என்ற மேலாளர் லீட்ஸ் யுனைடெட்டை முதல் டிவிஷனுக்குக் கொண்டுவந்து, முதல் ஆண்டிலேயே இரண்டாம் இடத்தில் நிறுத்தியிருந்தார். எல்லண்ட் ரோடு ஒருகாலத்தில் ரக்பி மைதானம்தான். ஹோல்பெக் என்ற ரக்பி கிளப் 1904-இல் மறைந்த பிறகு கால்பந்து அங்கே குடியேறியது. இப்போது கால்பந்தின் முறை வந்தது. தென்லீட்ஸில் மிச்சம் இருந்த பையன்களுக்கு ஐரோப்பாவெங்கும் போய் ஆடுகிற அணி ஒன்று பக்கத்திலேயே கிடைத்துவிட்டது.

நிலத்தின் விலை

1970-களின் தொடக்கத்தில் ஹன்ஸ்லெட் லீக் பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்தது. பார்க்ஸைடின் பார்வையாளர் அரங்கை விஷமிகள் வைத்த தீ அழித்தது; திரும்பக் கட்டப் பணமில்லை. கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் கிளப்புக்கு ஒரே ஒரு சொத்து: மைதானம் நின்ற நிலம்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்கியாக வேண்டும். இங்கிலாந்தின் பழைய கிளப்புகள் பலவும் சட்டப்படி பங்குதாரர்களைக் கொண்ட கம்பெனிகள். வாரந்தோறும் வாசலில் நின்று கத்தியவர் மனத்தளவில்தான் சொந்தக்காரர்; காகிதத்தில் பங்கு வைத்திருந்தவர் வேறு. கிளப் நன்றாக ஓடும்வரை இந்த வேறுபாடு தெரியாது. கூட்டம் குறைந்து, பக்கத்தில் விரைவுச்சாலை வந்து, தொழிற்பேட்டைக்கு நிலம் தேடுவோர் வந்து கதவைத் தட்டும்போது தெரியும். ஆடுகிற கிளப்பின் மதிப்பைவிட ஆடாத நிலத்தின் மதிப்பு அதிகமாகிவிடுகிறது. எந்தச் சாலை ரசிகர்களைத் துரத்தியதோ, அதே சாலைதான் நிலத்தின் விலையையும் ஏற்றியது. 1973-இல் பார்க்ஸைடு 3,00,000 பவுண்டுக்குத் தொழிற்பேட்டை கட்டுபவர்களிடம் போனது. வேறு பொருத்தமான மைதானம் கிடைக்கவில்லை என்று கூறி இயக்குநர்கள் கம்பெனியைக் கலைத்தார்கள். ஆட்டம் தொடங்கி 85 ஆண்டுகள் ஆன இடத்தில் கொட்டகைகள் எழுந்தன.

இது ஹன்ஸ்லெட்டின் தனித் துயரம் என்று நினைத்தால் தவறு. நான்கு கோப்பைகளையும் வென்ற மற்ற இரண்டு கிளப்புகளை நினைத்துப் பாருங்கள். ஸ்விண்டன் தன் ஸ்டேஷன் ரோடு மைதானத்தை 1992-இல் விற்றது. அங்கே வீடுகள் வந்தன. அதன்பின் அந்தக் கிளப்புக்குச் சொந்த வீடு என்று ஒன்று அமையவில்லை. ஹடர்ஸ்ஃபீல்டும் தன் பழைய ஃபார்ட்டவுன் மைதானத்தைவிட்டு அதே ஆண்டு வெளியேறியது. மூன்று மகத்தான அணிகள், மூன்றும் தங்கள் மண்ணை இழந்தன.

1973 கோடையிலேயே ஜெஃப் கன்னி முன்னால் நின்று ஆட்களைத் திரட்டினார். உள்ளூர் வணிகர்கள் சிலர் கைகொடுத்தார்கள். ‘நியூ ஹன்ஸ்லெட்’ என்ற பெயரில் கிளப் மறுபடி பதிவானது. ஆட இடம்? எல்லண்ட் ரோடு கால்பந்து மைதானத்துக்கு எதிரே இருந்த நாய்ப் பந்தய அரங்கம். ரக்பியின் வழக்கமான இரட்டைக் கம்பங்களுக்குப் பதிலாக, அமெரிக்கக் கால்பந்தில் இருப்பதுபோல் ஒற்றைத் தண்டில் கவைபோல் கிளைத்த இரும்புக் கம்பங்கள் அங்கே நின்றன. 1979-இல் ‘நியூ’வை உதறிப் பழைய பெயருக்கே திரும்பினார்கள். பிறகு அந்த அரங்கமும் கைவிட்டுப் போக, பேட்லியிலும் பிராம்லியிலும் பிற கிளப்புகளின் மைதானங்களை இரவல் வாங்கி ஆடினார்கள். 1980-களில் லீட்ஸ் யுனைடெட்டின் எல்லண்ட் ரோடு மைதானமே வாடகை வீடானது. 1938-இல் ஐம்பத்து நான்காயிரம் பேர் முன்னால் நகரத்தை வென்ற அதே தரையில், இப்போது சில நூறு பேருக்கு முன்னால் ஆடினார்கள்.

1995 நவம்பரில்தான் அலைச்சல் முடிந்தது. பழைய பார்க்ஸைடுக்கு அருகிலேயே மாநகராட்சி கட்டிய சவுத் லீட்ஸ் ஸ்டேடியத்தில் கிளப் குடிபுகுந்தது. சுற்றிலும் தடகளப் பாதை ஓடும் மைதானம், ரக்பிக்கென்று கட்டியதல்ல. ஆனாலும் ஊருக்குத் திரும்பிவிட்டோம் என்ற நிம்மதி.

ஆனால் அதற்குள் ஆட்டமே மாறியிருந்தது. 1995-இல் ரூபர்ட் மர்டாக்கின் தொலைக்காட்சி நிறுவனம் 8.7 கோடி பவுண்டு ஒப்பந்தத்தோடு வந்தது. மேல்தட்டுக் கிளப்புகளுக்காக சூப்பர் லீக் பிறந்தது. வாசல் டிக்கெட்டை நம்பியிருந்த ஆட்டம், தொலைக்காட்சிப் பணத்தை நம்பும் ஆட்டமானது. அந்தப் பணம் கிடைக்க மேல்தட்டில் இருக்க வேண்டும். மேல்தட்டுக்குப் போக ஆடி ஜெயித்தால் மட்டும் போதாது, மைதானத்தின் கொள்ளளவும் வசதிகளும் குறித்த தரத்தில் இருக்க வேண்டும்.

1999 செப்டம்பர் 25. ஹெடிங்லியில் இரண்டாம் அடுக்கின் இறுதியாட்டம். டேவிட் பிளான்ஜின் பயிற்சியில் ஹன்ஸ்லெட் ஹாக்ஸ் (சூப்பர் லீக் காலத்து வழக்கப்படி ஒட்டிக்கொண்ட பின்னொட்டு அது) டூஸ்பரியை 12–11 என்று வென்றது. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். முறைப்படி அது சூப்பர் லீக்குக்கான நுழைவுச்சீட்டு. கொடுக்கவில்லை. மைதானம் தரத்துக்குப் போதவில்லை என்று விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நல்ல ஆட்டக்காரர்கள் கலைந்தார்கள். என்னால் இன்றும் ஏற்க முடியாத முடிவு இது. 1973-இல் மைதானம் பிடுங்கப்பட்ட ஒரு கிளப், இருபத்தாறு ஆண்டுகள் கழித்துக் களத்தில் ஜெயித்து வந்து நிற்கிறது. உனக்குச் சரியான மைதானம் இல்லை என்று கதவைச் சாத்துகிறார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் கீக்லி என்ற கிளப்பும் இப்படித்தான் இரண்டாம் டிவிஷனை வென்றும் வெளியே நிறுத்தப்பட்டது.

அதற்குப் பின் ஹன்ஸ்லெட் கீழ் அடுக்குகளில் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. 2010-இல் ஏறியது, 2014-இல் ஏறியது, 2024-இல் மறுபடி ஏறியது. ஒவ்வொரு முறையும் மேலே தங்க வைக்கும் பணம் இல்லை. ஹாக்ஸ் என்ற ஒட்டு மட்டும் உதிர்ந்து, பழையபடி வெறும் ஹன்ஸ்லெட்.

தெருக்கள் போனபின் அந்தப் பகுதி ஆட்டக்காரர்களைத் தருவதையும் நிறுத்திவிட்டது என்று முடித்துவிடலாம் என்றுதான் இதை எழுதத் தொடங்கும்போது நினைத்தேன். உண்மை அப்படி இல்லை. இடிக்கப்பட்ட மைதானத்தின் பெயரைத் தாங்கி, ஹன்ஸ்லெட் பார்க்ஸைடு என்ற அமெச்சூர் கிளப் சிறுவர்களுக்கு ஆட்டம் கற்றுத் தந்தது. அங்கே வளர்ந்தவர் கேரி ஷோஃபீல்டு. பிரிட்டன் அணியின் கேப்டனாக உயர்ந்தவர். ஜேசன் ராபின்சனும் அங்கே ஆடிய பையன்தான். விகனுக்குப் போய் ரக்பி லீக்கின் எல்லாப் பட்டங்களையும் வென்று, பிறகு யூனியனுக்கு மாறி, 2003 உலகக் கோப்பை இறுதியில் இங்கிலாந்துக்காக டிரை வைத்தவர். ஷோஃபீல்டு பதினெட்டு வயதில் ஹல் கிளப்புக்குப் போனார். ராபின்சன் நேரே விகனுக்கு. பில்லி பேட்டன் ஹல்லுக்குப் போனபோது ஹன்ஸ்லெட்டுக்கு 600 பவுண்டாவது வந்தது. இவர்கள் இருவரும் ஹன்ஸ்லெட்டின் சட்டையை ஒருநாளும் அணியாமலே போனார்கள்.